காலியாக விட்ட செவ்வாய்க்கிழமை

சங்கரன்கோவில் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க் அம்பலவாணனின் மேஜைமேல் நீல அட்டை போட்ட ஒரு டைரி இருக்கும். தாலுகாவில் அடித்தவனும் அடிபட்டவனும், வெட்டியவனும் வெட்டுப்பட்டவன் பெண்டாட்டியும் அந்த டைரியில்தான் வரிசையில் நின்றார்கள். வாய்தா கொடுப்பது மாஜிஸ்திரேட் என்றுதான் ஊர் நினைத்தது. உண்மையில் மாஜிஸ்திரேட், "என்றைக்குப் போடலாம், அம்பலவாணன்?" என்று கேட்பார். அம்பலவாணன் பக்கத்தைப் புரட்டி ஒரு தேதி சொல்வார். மாஜிஸ்திரேட் தலையசைப்பார். முடிந்தது. யாருடைய கண்ணீர் என்றைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பது அந்த ஒற்றைத் தலையசைப்பில் தீர்மானமாகிவிடும்.

அவருடைய அப்பா கோவில் ஆபீசில் இருந்தவர். கொடியேற்றத்துக்கு நாள் குறிக்கும்போது அர்ச்சகர்களுக்குப் பக்கத்தில் பஞ்சாங்கத்தோடு நிற்பவர். மகன் மட்டும், "சர்க்கார் டைரியில் அஷ்டமியும் கிடையாது, நவமியும் கிடையாது" என்று இருபது வருஷமாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் பஞ்சாங்கம் உண்டு. ஆபீசுக்கு அது வந்ததில்லை. அந்தப் பெருமை உடைந்த கதைதான் இது. உடைந்ததோடு போயிருந்தால் பாதகமில்லை. ஒரு பெண்ணின் கடைசி நம்பிக்கையையும் அது கூடவே உடைத்துவிட்டுப் போனது.

நாற்பத்தொன்பதாம் வருஷம் வைகாசி மாதம். குருவிகுளத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். விதைப்புக்கு முன்னால் நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். இரவெல்லாம் ஆடுகள் படுத்துக் கிடந்தால் அந்த உரத்துக்கு ஈடு கிடையாது. யார் புஞ்சையில் எத்தனை நாள் கிடை என்பதற்கு முறை உண்டு. அந்த முறைதான் தகராறு ஆயிற்று. விடிந்தும் விடியாத நேரத்தில், மருதப்பன் நிலத்தில் கிடந்த ஆடுகளைத் தன் புஞ்சைக்கு ஓட்டிப்போக மூக்காண்டி வந்தான்; மருதப்பன் மறித்தான். மூக்காண்டி கையில் அரிவாள் இருந்தது. மருதப்பன் தன் சொந்த மண்ணிலேயே விழுந்தான்.

கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர். கிடைக்குச் சொந்தக்காரரான ஆறுமுகச்சாமி என்ற கிழவர். மற்றவர்கள் எல்லாம் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள்.

கொலை வழக்கைச் சப்-மாஜிஸ்திரேட் தீர்க்க முடியாது. சாட்சிகளை விசாரித்து, எதிரியின் வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்கவும் இடம் கொடுத்து, முகாந்திரம் இருந்தால் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குள் அனுப்பவில்லை என்றால் மாதம்தோறும் மேலே ஒரு ஸ்டேட்மெண்ட் போக வேண்டும். அதில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'தாமதத்துக்குக் காரணம்.'

முதல் வாய்தாவுக்கு மருதப்பனின் மனைவி மாடத்தி கிழவரை ஒரு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கூட்டி வந்தாள். அவருக்கு நெஞ்சில் சீக்கு. பேச்சுக்கு நடுவே இருமல் வந்தால், பேச்சு எங்கே விட்டது என்று அவரே மறந்துவிடுவார்.

போலீஸ் தரப்பில் வழக்கு நடத்தும் இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்துவிட்டு அம்பலவாணனிடம் குனிந்து சொன்னார்: "இந்த ஆளை சீக்கிரம் கூண்டுல ஏத்திரணும். இங்கன கோர்ட்டுல சொன்னது பதிவாயிட்டா, நாளைக்கு அவர் இல்லாட்டாலும் செஷன்ஸ்ல அது நிக்கும். எங்ககிட்ட ஸ்டேஷன்ல சொன்னது காத்தோட போச்சு. அவர் போயிட்டா கேசும் போச்சு."

மாடத்தி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. வெறும் நெற்றி. சட்டம் தெரியாது; ஆனால் இன்ஸ்பெக்டர் சொன்னதில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடிப்போய் வண்டியில் கிடந்த கிழவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. தானியக் கொள்முதலில் ஏதோ தகராறாம். கலெக்டர் ராயகிரிக்கு வருகிறாராம். மாஜிஸ்திரேட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தக் காலத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு நீதி பாதி வேலை, ரெவினியூ பாதி வேலை. எந்தப் பாதி எப்போது இழுக்கும் என்று டைரிக்குத் தெரியாது.

"அடுத்த வாய்தா ஆகஸ்ட் நாலாந் தேதி, தாயி," என்றார் அம்பலவாணன்.

"இன்னைக்கு இல்லையா எசமான்?"

"ஐயா போயிட்டாகளே. நான் என்ன செய்ய?"

இரண்டாவது வாய்தாவன்று மாஜிஸ்திரேட் இருந்தார். வக்கீல் இருந்தார். கிழவரும் இருந்தார். எதிரி மூக்காண்டி வரவில்லை. அவனைப் பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து கொண்டுவரப் போலீஸ் இல்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஜில்லாவில் இருந்த தொப்பியெல்லாம் சங்கரன்கோவில் ரத வீதியில்தான் நின்றது. எதிரி முன்னிலையில் இல்லாமல் சாட்சியை விசாரிக்கக் கூடாது.

கோர்ட்டு வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, எட்டு போலீஸ்காரன் நம்ம வாசல்லயே நின்னு சர்பத்து குடிக்கான். ஒருத்தனைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினா அம்மன் கோவிச்சுக்கிடுவாளா?"

"வாயை மூடுலே," என்றார் அம்பலவாணன். ஆனால் அவருக்கும் அதே எரிச்சல்தான்.

மூன்றாவது வாய்தாவன்று எதிரி வந்தான், கை விலங்கோடு, நன்றாக எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு. வக்கீல் வரவில்லை. காய்ச்சல் என்று அவருடைய குமாஸ்தா ஒரு மனுவை நீட்டினான். கொலைக் கேசில் வக்கீல் இல்லாமல் எப்படி? மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். மூக்காண்டி திரும்பிப் போகும்போது மாடத்தியை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் அரிவாளைவிடக் கூரான சிரிப்பு இருந்தது.

நான்காவது வாய்தாவன்று எல்லாரும் வந்தார்கள். மாஜிஸ்திரேட், எதிரி, வக்கீல், இன்ஸ்பெக்டர். மாடத்தி கிழவரின் தோளைத் தாங்கி அவரைப் படியேற்றினாள். இன்றைக்கு ஆகிவிடும்! ஆவுடையப்பன் மூன்று முறை பெயர் கூப்பிட்டான். கிழவர் கூண்டின் கட்டையைப் பிடித்தார்.

"கட்டு எங்கே?" என்றார் மாஜிஸ்திரேட்.

வழக்குக் கட்டு இல்லை. மூக்காண்டியின் ஜாமீன் மனுவுக்காக அதைத் திருநெல்வேலிக்கு வரவழைத்திருந்தார்கள். ஜாமீன் இல்லை என்று உத்தரவாகிப் பத்து நாளாயிற்று. கட்டு மட்டும் திரும்பவில்லை. அம்பலவாணன் இரண்டு முறை எழுதியிருந்தார். மூன்றாவது முறை தந்தியும் கொடுத்திருந்தார்.

கிழவர் கூண்டிலிருந்து இறங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, வெகுநேரம் இருமினார். பிறகு அம்பலவாணனைப் பார்த்துச் சிரித்தார். "எசமான், நான் ஒரு சத்தம் குடுத்தா முந்நூறு உருப்படியும் வந்து பட்டியில அடையும். இங்கன நாலே நாலை ஒண்ணா அடைக்க முடியலையே உங்களால! ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய ஓடுது."

ஆவுடையப்பன் சிரித்தான். அம்பலவாணனால் சிரிக்க முடியவில்லை. அது அவருடைய டைரி. அவர் போட்ட நாட்கள். நான்கும் செத்துப் பிறந்த நாட்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி பிரம்மநாயகி எதிரில் நின்றாள்.

"அந்தக் குருவிகுளத்துப் பிள்ளை கேசு இன்னைக்கும் இல்லையா?"

"இல்லை."

"இங்க பாருங்க, சொன்னா கோவப்படுவீங்க. நாலு தடவை நாள் குறிச்சீங்களே, ஒரு தடவையாவது பஞ்சாங்கத்தைப் பொரட்டினீங்களா? மாமா இருந்தாகன்னா சிரிப்பாக. ஒரு கன்னுக்குட்டி வாங்கப் போகவே நாள் பாக்குத ஊருல, ஒருத்தி தாலிக்கு நியாயம் கேக்க நாள் பாக்கக் கூடாதாக்கும்?"

"சர்க்கார் டைரியில..." என்று ஆரம்பித்தார் அம்பலவாணன்.

"சர்க்கார் டைரி கிழிச்சுது!"

அவர் கை கழுவிவிட்டு அலமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். சும்மா பார்ப்போம் என்றுதான். இரண்டாவது வாய்தா, ஆடி இருபது: கரிநாள். மூன்றாவது வாய்தா, ஆவணி ஒன்பது: கரிநாள். மற்ற இரண்டு நாளும் கரிநாள் அல்ல என்பதை அவருடைய கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. நொந்துபோன மனிதனுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். மேல் கோர்ட்டு ஸ்டேட்மெண்டில் எழுத முடியாத ஒரு காரணம் அவருக்கு அன்று கிடைத்துவிட்டது. மறுநாள் பஞ்சாங்கம் டிராயருக்குள், டைரிக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

அன்றைக்கே திருநெல்வேலியிலிருந்து கட்டும் வந்தது. மாஜிஸ்திரேட் உடனே கூப்பிட்டார்.

"அந்தக் கொலை வழக்குக்கு இனிமேல் தாமதம் கூடாது. பதின்மூன்றாந் தேதி செவ்வாய்க்கிழமை எப்படி?"

அம்பலவாணன் டைரியைத் திறந்தார். பதின்மூன்றாந் தேதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்துக்கூட இல்லை. டிராயரை லேசாக இழுத்தார். ஆவணி இருபத்தெட்டு. கரிநாள்!

மூன்றாவது கரிநாளிலும் அந்தப் பெண்ணை நிறுத்துவதா? அவளுக்கு அவர் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது? போலீஸ் அவர் சொல்லைக் கேட்காது. கலெக்டர் கேட்கமாட்டார். வக்கீலின் காய்ச்சலும் கேட்காது. நாள் ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. அதையாவது நல்லதாகக் கொடுக்கலாமே!

"அன்றைக்குச் சிவகிரி அடிதடி வழக்கு இருக்கிறது, ஐயா. நாள் முழுக்கப் பிடிக்கும். பத்தொன்பதாந் தேதி திங்கட்கிழமை போடலாம்."

இருபது வருஷத்தில் அவர் அந்த நாற்காலிக்கு முன்னால் சொன்ன முதல் பொய். மாஜிஸ்திரேட் தலையசைத்தார்.

முந்தின நாள் ஊர் திரும்ப முடியாமல் கோர்ட்டு வேப்பமரத்தடியிலேயே தங்கிவிட்ட மாடத்தியிடம் அவர் தாமே வந்து சொன்னார். "செவ்வாய்க்கிழமை போடச் சொன்னாக, தாயி. அன்னைக்குக் கரிநாள். நான்தான் திங்கட்கிழமைக்கு மாத்தி வச்சிருக்கேன். நல்ல யோகம். இந்தத் தடவை தப்பாது, பாரு."

மாடத்தி வண்டியில் சாய்ந்து கிடந்த கிழவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கோர்ட்டுக்காரர் தனக்காக இவ்வளவு பார்த்திருக்கிறாரே என்று கை கூப்பினாள். "நீங்க நல்லா இருக்கணும் எசமான்."

செவ்வாய்க்கிழமை வந்தது.

அன்றைக்குப் போல ஒரு நாளை அந்தக் கோர்ட்டு கண்டதில்லை. இருந்த இரண்டு சின்ன வழக்குகளும் சமாதானமாகிவிட்டன. கலெக்டர் வரவில்லை. ஜீப் வரவில்லை. மூக்காண்டியின் வக்கீல் கோமதிசங்கர், காய்ச்சலின் சுவடே இல்லாமல், வேறு ஏதோ நகல் வாங்க வந்தவர், வேப்பமரத்தடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் வழக்குக் கட்டு சிவப்பு நாடாவோடு கிடந்தது. காவல் நீட்டிப்புக்கு வேறொரு கைதியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து காலையிலேயே போலீஸ் வந்து இறங்கியிருந்தது. டைரியில் அந்த நாளை எழுதியிருந்தால் அதே பஸ்ஸில் மூக்காண்டியும் வந்திருப்பான்.

பதினொன்றரைக்கு மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன அம்பலவாணன், அந்தச் சிவகிரி வழக்கு?"

"சாட்சிகள் வரவில்லை, ஐயா." இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

"நல்ல நாள்!" என்று சலித்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.

அம்பலவாணன் வெளியே வந்தார். படியில் ஆறுமுகச்சாமி உட்கார்ந்திருந்தார்! பக்கத்தில் மாடத்தி ஒரு மருந்துக் குப்பியோடு நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தோம் எசமான்," என்றாள். "ராத்திரி ரொம்ப முடியாமப் போச்சு. மருந்து வாங்குனதும், கோர்ட்டு வரைக்கும் போயிட்டு வருவோம்னு இவுகதான் சொன்னாக."

கிழவர் அம்பலவாணனின் வேட்டி நுனியைத் தொட்டார். "உள்ள கூட்டமே இல்லையே. இன்னைக்கே கேட்டுருங்க. நான் சொல்லுததுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் ஆட்டால போன உசிரு எசமான் அது. சொல்லிட்டேன்னா இறக்கி வச்சிருவேன்."

"எதிரி வரணும் பெரியவரே. அவனை வச்சுக்கிட்டுத்தான் கேக்க முடியும்."

"அவன் எப்ப வருவான்?"

"திங்கட்கிழமை."

கிழவர் விரல்களை மடக்கினார். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஐந்து விரலும் மடங்கியது. மடங்கிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருக்கேன், இருக்கேன். இருக்கப் பாக்குதேன்," என்றார்.

வண்டி போன பிறகும் அம்பலவாணன் அந்தப் படியிலேயே நின்றார். உள்ளே போய், 'ஐயா, நான் பொய் சொன்னேன், நாளைக்கே போடுங்கள்' என்று சொல்ல எத்தனை அடி நடக்க வேண்டும்? பதினைந்து அடி இருக்குமா? அந்தப் பதினைந்து அடியை அவர் நடக்கவில்லை. நல்ல நாள்தான் வரப்போகிறதே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை. மாஜிஸ்திரேட் வந்தார். எதிரி வந்தான். வக்கீல் வந்தார். கட்டு இருந்தது. கிழவர் கேட்ட அந்த நாலும் ஒரே பட்டியில் அடைந்திருந்தன.

ஆவுடையப்பன் வாசலில் நின்று கூவினான். "ஆறுமுகச்சாமி! ஆறுமுகச்சாமி! ஆறுமுகச்சாமி!"

மூன்றாவது கூப்பாட்டுக்கு மாடத்தி உள்ளே வந்தாள். தனியாக வந்தாள்.

"சனிக்கிழமை காலையில போயிட்டாக," என்றாள்.

மூக்காண்டி தலையைக் குனிந்துகொண்டான். எதற்காகக் குனிந்தான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். இன்ஸ்பெக்டர் கட்டை மூடினார். மிச்சமிருந்த சாட்சிகளைச் சம்பிரதாயத்துக்கு இன்னொரு நாள் விசாரித்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தோம், பார்க்கும்போது மருதப்பன் விழுந்து கிடந்தான் என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. முகாந்திரம் போதாது என்று மாஜிஸ்திரேட் எதிரியை விடுதலை செய்தார். விலங்கைக் கழற்றிய சத்தம் அம்பலவாணனின் காதில் சம்மட்டிபோல விழுந்தது.

அவர் மாடத்தியைத் தேடிப் போனார். அவள் வேப்பமரத்தடியில் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிழவர் படுத்து வந்த அதே வைக்கோல்.

"தாயி, ஒண்ணு சொல்லணும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலியாத்தான் இருந்துச்சு. சிவகிரிக் கேசுன்னு நான் பொய் சொன்னேன். உனக்கு நல்லது நடக்கட்டுமேன்னு நல்ல நாள் பாத்து..."

அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். தூற்றட்டும் என்றும் நினைத்தார்.

அவள் வைக்கோலைப் போட்டு முடித்தாள்.

"நல்ல நாளு யாரு எசமான் கேட்டா?" என்றாள். "ஒரு நாளுதானே கேட்டோம்."

வண்டியைப் பூட்டிக்கொண்டு அவள் குருவிகுளத்துப் பாதையில் போய்விட்டாள். மறுபடி அவள் அந்தக் கோர்ட்டுக்கு வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மாதக் கடைசியில் மேல் கோர்ட்டு ஸ்டேட்மெண்ட் எழுத வேண்டியிருந்தது. அம்பலவாணன் வழக்கு நம்பரை எழுதினார். தேதிகளை எழுதினார். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மையில் தோய்த்து, ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, எழுதினார்: 'செப்டம்பர் 13 காலியாக இருந்தும், கரிநாள் என்று கருதி பெஞ்சு கிளார்க் பொய் சொல்லித் தள்ளிவைத்தது.'

மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உமக்குப் பைத்தியமா?"

"நடந்தது அதுதான் ஐயா."

"இது மேலே போனால் உமக்கு வேலை போகும். ஏன் சரிபார்க்கவில்லை என்று என்னிடம் விளக்கம் கேட்பார்கள். மூன்று பேர் கட்டைப் புரட்டுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன வரும்? செத்தவன் திரும்பி வந்து சாட்சி சொல்வானா?"

"சொல்லமாட்டான் ஐயா. அதற்காகத்தான் எழுதினேன்."

மாஜிஸ்திரேட் மைக்கூட்டைப் பக்கத்தில் இழுத்தார். கெட்ட மனிதர் அல்ல. சிவப்பு மையால் அந்த வரியைக் குறுக்கே அடித்தார். மேலே இரண்டு சொல் எழுதினார்: 'சாட்சி இறப்பு.' "சுத்தமாகப் படி எடுத்துக் கொண்டுவாரும்."

அம்பலவாணன் படி எடுத்தார். முத்துமுத்தான எழுத்து அவருக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூட அந்த ஸ்டேட்மெண்டில் இடம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர் அதே மேஜையில் இருந்தார். பஞ்சாங்கம் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. எந்த வழக்கானாலும், "என்றைக்குப் போடலாம்?" என்று கேட்ட மறுகணம் முதலில் கண்ணில் படும் வெள்ளைப் பக்கத்தைச் சொல்லிவிடுவார். "அன்னைக்கு அமாவாசை வே," என்று வக்கீல்கள் சிரிப்பார்கள். "அன்னைக்குத்தான் காலி," என்பார் அவர்.

சொன்ன நாளில் ஜீப் வரும். அல்லது போலீஸ் வராது. அல்லது யாருக்காவது காய்ச்சல் வரும். அம்பலவாணன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வெள்ளைப் பக்கத்தைப் புரட்டுவார். வாசலில் யாராவது ஒரு பெண் நிற்பாள். அவளிடம் போய்த் தேதி சொல்லும்போது மட்டும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.